பத்தியம் விடச் சொன்ன வார்த்தை

எனக்கு இங்கிலீஷ் வராது. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். ஆனால் திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷம் ஆயா வேலை பார்த்தேன். அங்கே காதில் விழுந்த இங்கிலீஷ் நிறைய. பெட்பேன், டிரிப்ஸ், எனிமா, டிரெஸ்ஸிங், டிஸ்சார்ஜ். இதெல்லாம் கையால் கற்ற வார்த்தைகள். தூக்கிக் கழுவினால் பெட்பேன். படுக்கையைச் சுருட்டினால் டிஸ்சார்ஜ்.

ஒன்று மட்டும் பெரிய வார்த்தை. பேலியேட். டாக்டர் அதை எப்போதாவதுதான் எழுதுவார். அது எனக்கு எப்படித் தெரிந்தது, தெரிந்து என்ன ஆனது, அதைத்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் செவ்வாப்பேட்டையில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு அரிசி மில்லில் வேலை. நான் காலையில் கரி ரயிலில் திருவள்ளூர் போவேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கண்ணில் கரி விழும். கீரைக்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். நான் பேச மாட்டேன், கேட்பேன். அந்த ரயிலில் என் பெயர் ஊமை ஆயா. அவர்கள் வைத்ததுதான். கோபம் இல்லை. சாயங்காலம் திரும்பும்போது விற்காத கீரையில் ஒரு கட்டு என் மடியில் போடுவார்கள். இப்போது நினைத்தால் அந்தக் கீரை வாசனை வருகிறது.

ஆஸ்பத்திரி ஓட்டுக் கட்டிடம். ஸ்டேஷனிலிருந்து பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்தது. பதினாறு கட்டில். ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், ஒரு கம்பவுண்டர், நான். டாக்டரும் அதிகம் பேசாதவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினால் கோபம். கழற்றிக் கையில் வைத்தால் துக்கம். அவ்வளவு தெரிந்தால் போதும், வேலை பார்க்கலாம்.

ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு அட்டை தொங்கும். அதில் பத்தியம் எழுதியிருக்கும். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, கஞ்சி மட்டும், இப்படி. எனக்குப் புரிய வேண்டும் என்று சிஸ்டர் அதைத் தமிழில் எழுதுவார். அட்டையைப் பார்த்துத்தான் நான் சாப்பாடு கொடுக்க வேண்டும். நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் ஒளித்துக் கொண்டுவரும் வடையையும் நான்தான் பிடுங்க வேண்டும். அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது.

முதல் தடவை அந்த வார்த்தையைப் பார்த்தது ஒரு ஐயங்காரின் காகிதத்தில். கோயில் மடைப்பள்ளியில் சமைத்தவர். எழுபது வயதுக்கு மேல். சர்க்கரை வியாதி. காலில் புண். சிறுநீர் சரியாகப் போகவில்லை. "ஐம்பது வருஷம் சர்க்கரைப் பொங்கல் கிண்டினேன், அது உள்ளே போயிடுத்து" என்பார். அவர் அட்டையில் இரண்டு பக்கமும் கூடாது, கூடாது என்றுதான் இருக்கும்.

ஒரு நாள் டாக்டர் அவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். காகிதத்தில் ஏதோ எழுதினார். சிஸ்டர் என்னிடம் வந்து, "ஆயா, அந்த அட்டைய எடுத்துடு" என்றார்.

எடுத்துவிட்டேன்.

அவர் மகனுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பாவுக்குப் பத்தியம் விட்டாச்சு!" என்று வார்டு முழுக்க லட்டு கொடுத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கத்தில் பத்தியம் விட்டாச்சு என்றால் உடம்பு தேறிவிட்டது என்றுதான் அர்த்தம். அம்மை போட்டு இறங்கினால் பத்தியம் விடுவோம். பிள்ளை பெற்றவள் எழுந்தால் பத்தியம் விடுவோம். வேறு எதற்கு விடுவார்கள்?

ஐயங்கார் மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏன்டி பொண்ணே, டாக்டர் வாயைக் கட்டறதை விட்டுட்டாரோன்னோ, அப்போ கையையும் விட்டுட்டார்."

நான் குனிந்து பெட்பேனை எடுத்தேன்.

"சரி, அது கிடக்கட்டும். மடைப்பள்ளியில் இப்போ புதுசா ஒருத்தன் இருக்கான். அவன் புளியோதரையில் புளியைக் காய்ச்சவே மாட்டான். வேறு யாரையாவது எனக்குப் பண்ணித் தரச் சொல்லு."

சொன்னேன். வந்தது. சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை. பெருங்காயம் கம்மி" என்றார். பன்னிரண்டு நாள் இருந்தார். புண்ணுக்கு வலி தெரியாமல் ஊசி போட்டோம். தினமும் ஒரு பிரசாதத்தைச் சாப்பிட்டு தினமும் ஒரு குற்றம் சொன்னார். வார்டே சிரித்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்குப் பிடித்த நாட்கள்.

அவர் போன பிறகு சிஸ்டரிடம் கேட்டேன். "அந்தக் காயிதத்துல இன்னா எழுதினாரு சிஸ்டர்?"

சிஸ்டர் ஒரு மருந்துக் கவர் பின்னால் அந்த எழுத்துகளை எழுதிக் காட்டினார். "பேலியேட். க்யூர்னு ஒண்ணு இருக்கு ஆயா. அது நோய் போறது. இது நோய் போகாது. வலி, வாந்தி, மூச்சுத் திணறல், அதையெல்லாம் கம்மி பண்றது. நோயாளி கஷ்டப்படாம இருக்கணும், அவ்வளவுதான்."

கவரை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்து நாலு நாள் பார்த்தேன். எழுத்து மனசில் நின்றது.

டாக்டர் அதை வேறு இடத்திலும் சொல்வார். மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி ஓடு ஒழுகும். கொத்தனார் வந்து தார் பூசிவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு வேறு இடத்தில் ஒழுகும். "என்னப்பா, இந்த வருஷமும் பேலியேட்தானா?" என்று டாக்டர் கேட்பார். கொத்தனார், "ஆமா சார், நல்ல பேலியேட் சார்" என்பார். அவருக்கு அது தாரின் பெயர்.

வார்த்தை தெரிந்தது. எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்தது. அட்டையை எடுக்கணும். பார்க்க வருகிறவர்களை நேரம் பார்த்து விரட்டக் கூடாது. ஜன்னல் ஓரக் கட்டிலுக்கு மாற்றணும். ஊசிக்குக் கேட்டால் காத்திருக்கச் சொல்லக் கூடாது. இவ்வளவுதான். நான் நல்லாவே செய்தேன். எங்கள் வீட்டுக்கு அது வராத வரைக்கும் நல்லாவே செய்தேன்.

நாலைந்து வருஷம் போயிருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது பிறந்துவிட்டது.

என் பிறந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரை. மீன்பிடிக்கிற குடும்பம். எனக்கு ஒரே அண்ணன். பத்து வயது மூத்தவன். எங்கள் வீட்டுப் பேச்சை எல்லாம் அவனே எடுத்துக்கொண்டான், எனக்கு மிச்சம் வைக்கவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை என்னைப் பார்க்க செவ்வாப்பேட்டை வருவான். ஈரச் சாக்கில் நண்டு கட்டிக்கொண்டு மூன்று பஸ் மாறி வருவான். ஒரு தடவை செங்குன்றத்தில் சாக்கு அவிழ்ந்துவிட்டது. நண்டு பஸ் முழுக்க ஓடியது. பெண்கள் சீட்டு மேல் ஏறி நின்றார்கள். கண்டக்டர் கத்தினார். அண்ணன், "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, எல்லாத்துக்கும் டிக்கெட் எடுத்துக்கீறேன்" என்றானாம். அவன் சொல்லித்தான் தெரியும். எவ்வளவு நிஜமோ தெரியாது. சொல்லும்போது அவன் வயிறு குலுங்கும். எங்கள் கூடமும் குலுங்கும்.

அந்த வயிற்றில்தான் வலி வந்தது. கண் மஞ்சளானது. ஊரில் கீழாநெல்லி கொடுத்தார்கள். போகவில்லை. நான் இருக்கிற ஆஸ்பத்திரி என்று அண்ணி அழைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் பத்தியம் எழுதினார். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, மீன் கூடாது.

"மீனு கூடாதா?" என்றான் அண்ணன். "டாக்டர் சார், நா மீனு துன்றவன் இல்ல சார், நானே மீனுதான் சார்."

டாக்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். அண்ணன் வாயை மூடினான்.

நாலு மாசம் உப்பில்லாத கஞ்சி. ஊருக்குப் போவான், வலி வந்தால் திரும்பி வருவான். ஊரிலும் அண்ணி ஒரு கல் உப்பு சேர்க்கவில்லை. அவனுக்கு இல்லாத மீன் வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்று அவளும் இரண்டு பெண்களும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஏரிக்கரையில் வேறு யாராவது அப்படி இருந்திருப்பார்களா, தெரியாது. அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தாள். வெல்லம் கரைகிற மாதிரி வியாதி கரையும் என்று எல்லோரும் செய்வதுதான்.

டாக்டர் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். படம் எடுத்து, பார்த்து, ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். கடிதத்தை டாக்டர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அண்ணன் கட்டிலுக்குப் பெருக்கப் போனேன். கட்டில் மேலே டாக்டர் எழுதிய காகிதம் இருந்தது. அந்த எழுத்து இருந்தது. எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே பெரிய இங்கிலீஷ் வார்த்தை அது.

சிஸ்டர் எதுவும் சொல்லவில்லை. அட்டையை எடுப்பது என் வேலை. எடுத்தேன்.

அண்ணி தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். வெறும் ஆணியைப் பார்த்தாள்.

"அட்ட எங்கமே?"

"எடுத்தாச்சு."

"பத்தியம் விட்டாச்சா?"

"ம்."

"டாக்டரே சொல்லிட்டாரா? இன்னா வோணா துன்லாமா?"

"துன்லாம்."

"எறா?"

"துன்லாம்."

"நண்டு? கருவாடு?"

"எல்லாம்."

அண்ணி குடத்தைக் கீழே வைத்தாள். கோயில் கோபுரம் இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அப்புறம் சிரித்தாள். நாலு மாசமாகச் சிரிக்காதவள். பக்கத்துக் கட்டில்காரியிடம், "எங்கூட்டுக்காரருக்கு பத்தியம் விட்டாச்சுக்கா" என்றாள். அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "வவ்வாலு மீனு கொழம்பு வையி. மாங்கா போட்டு வையி. ஊட்டுக்குப் போலாம், எழுந்திரு" என்றான்.

நான் பொய் சொல்லவில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் நிஜம்தான் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "சொல்லிட்டியாம்மா?"

"இல்ல சார்."

"நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் சார்."

வலிக்குக் கம்பவுண்டர் ஒரு மிக்சர் கலந்து கொடுத்தார். காலையில் ஒரு பங்கு, மத்தியானம் ஒரு பங்கு, சாயங்காலம் ஒரு பங்கு. நல்ல மருந்து. குடித்த இரண்டாம் நாளே அண்ணன் முகம் தெளிந்துவிட்டது. குடும்பமாகப் பஸ் ஏறிப் போனார்கள். ஜன்னலில் இருந்து அண்ணன், "ஞாயித்துக்கெழம வந்துடுமே, நண்டு வெச்சிக்கீறேன்" என்று கத்தினான்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் மீன் நல்லாப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார் வேண்டுமானாலும் வலை போட முடியாது. முறை வைத்துப் போவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அதில் இத்தனை பேருக்குத்தான் இடம். வருஷத்துக்கு ஒரு நாள் ஊர் கூடி யார் யார் என்று எழுதும். ஒருத்தர் தன் இடத்தைச் சொந்தக்காரனுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் அந்த நாளில் ஊர் முன்னால் எழுந்து நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் செத்துப்போனால் இடம் ஊருக்கு. காத்திருக்கிறவர்களில் முதல் ஆளுக்குப் போய்விடும். செத்தவன் வீட்டுக்கு ஒன்றும் இல்லை.

அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லை. அண்ணிக்கு ஒரு தம்பி. எங்கள் ஊர்க்காரன்தான், ஆனால் பாடு முறையில் இடம் இல்லாமல் கும்மிடிப்பூண்டிக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே கம்பெனி வரப்போகிறது என்று முள்ளை வெட்டி மேட்டைச் சமன் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நோயில் படுத்தபோது, "இந்த வருசம் எம் எடத்த மச்சானுக்குக் குடுத்துடறேன். அவன் புடிக்கறதுல பாதி அக்காவுக்குக் குடுக்கட்டும்" என்று சொல்லி வைத்திருந்தான். அண்ணிக்கும் பெண்களுக்கும் அதுதான் சோறு.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கூடத்தில் அண்ணனின் மச்சினன் உட்கார்ந்திருந்தான். அண்ணன் நண்டு ஓட்டைக் கடித்துக்கொண்டே அவனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"மச்சான், நீ கம்பெனிக்கே போடா. நா வந்துட்டேன். இன்னும் பத்து வருசம் ஏரில நாந்தான்."

"சர்தான் மாமா. நீ நல்லாயிட்ட, அது போதும்" என்றான் அவன். நல்ல பையன். முகத்தில் எதையும் காட்டவில்லை.

"ஊர் கூடுறது எப்போ?" என்று கேட்டேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம" என்றாள் அண்ணி. என் இலையில் நண்டு வைத்தாள். "துன்னுமே. எளைச்சிப் போய்க்கீற."

அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் வேலையில் கை ஓடவில்லை. தப்பான கட்டிலுக்குக் கஞ்சி கொடுத்தேன். வியாழக்கிழமை சிஸ்டரிடம் லீவு கேட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அண்ணி மீன் விற்கப் போயிருந்தாள். பெண்கள் பள்ளிக்கூடம். அண்ணன் கரையில் படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "இன்னாமே, நண்டு ருசி புடிச்சிப் போச்சா?" என்றான்.

நான் உட்கார்ந்தேன். வலையின் இன்னொரு முனையை எடுத்துப் பிடித்தேன்.

"ண்ணா, அந்த மருந்து வலிக்குத்தான்."

"ஆமா, வலிதான் பூடுச்சே."

"வலி மட்டும்தான் பூடுச்சி."

அவன் கை நிற்கவில்லை. ஒரு கண்ணி முடிந்தது, இன்னொன்று முடிந்தது.

"அப்ப எதுக்குப் பத்தியம் வுட்டாரு?"

"இனிமே வெச்சிப் பிரயோசனம் இல்லன்னு."

கை நின்றது. ஏரியைப் பார்த்தான். பகல் வெளிச்சத்தில் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. "நாலு மாசம் உப்பில்லாத கஞ்சி குடிச்சேனே, அத்தினியும் வேஸ்ட்டாமே?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கினேன்.

"அந்த மருந்துக்கு டாக்டரு இன்னாதான் பேரு வெச்சிக்கீறாரு?"

சொன்னேன். பேலியேட். அவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான்.

"அப்டின்னா?"

நான் படகைக் காட்டினேன். "அடியில ஓட்ட. அடைக்க முடியல. நடு ஏரில கீற. இன்னா பண்ணுவ?"

"மொண்டு மொண்டு ஊத்துவேன்."

"அதான்."

"எத்தினி நாளு மொள்ளலாம்?"

"டாக்டருக்கே தெரியாது."

அவன் வலையை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டான். "நீ போ" என்றான். அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பேச்சை எல்லாம் எடுத்துக்கொண்டவன் பேசவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகும் வரை கொஞ்சம் தள்ளி நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் கேட்டார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னார்?"

"கஞ்சி வேஸ்ட்டுன்னாரு சார்."

டாக்டர் பலமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

அண்ணன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணியிடம் சொல்வானா, தெரியவில்லை. இடத்தைக் கொடுப்பானா, தெரியவில்லை. கொடுக்காமல் விட்டால் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு அண்ணி என்ன செய்வாள்? ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன்.

ஊர், அம்மன் கோயில் முன்னால் கூடியிருந்தது. ஆண்கள் மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பெண்கள் பூவரச மரத்தடியில் நின்றோம். அண்ணி என் பக்கத்தில்தான் நின்றாள். புதுச் சேலை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாருமே, சிங்கம் மாதிரி குந்திக்கினு கீறாரு" என்றாள். அப்போதே எனக்குப் புரிந்தது. அவளுக்கு இன்னும் தெரியாது.

ஊர்ப் பெரியவர் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். பெயர் வந்தவர், "கீறேன்" என்று சொல்ல வேண்டும். அண்ணன் முறை வந்தது. அவன் சொல்வதற்கு முன்னாலேயே ஒருத்தன் கத்தினான்.

"அவன் இல்லாமயா! பத்தியம் வுட்ட ஆளு. ஏரில இருக்கற நண்ட பூரா அவனே துன்னுட்டான்!"

"நமக்கு இன்னாபா மிச்சம் வெச்சிக்கீற?" என்றான் இன்னொருத்தன்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அப்புறம் எழுந்து நின்றான். கூட்டம் அடங்கியது. தன் பெயருக்கு யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. இடத்தைக் கொடுக்கிறவன்தான் நிற்பான்.

"எம் எடத்த எம் மச்சானுக்கு எழுதிக்கோங்க."

பெரியவர் நிமிர்ந்தார். "இன்னாடா இது? ஒடம்பு சரியாயிடுச்சின்னு சொன்னாங்க."

"சரியாவல."

"பத்தியம் வுட்டாங்களே."

"வுட்டாங்க. வலி இல்ல. சரியாவும் இல்ல. ரெண்டும் வேற வேற பெர்சு. எனக்கே போன வியாழக்கெழமதான் தெரியும்."

பெரியவர் என்னவோ கேட்க வாயைத் திறந்து மூடிக்கொண்டார். குனிந்து எழுதினார். மச்சினன் பின் வரிசையில் முழங்காலில் முகத்தை வைத்து அழுதான்.

அண்ணி என் கையைப் பிடித்திருந்தாள் என்று சொன்னேனே. அந்தக் கையை விட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். வியாழக்கிழமை நான் ஊருக்கு வந்து போனதை யாரோ சொல்லி அவளுக்குத் தெரியும். எதற்கு வந்தேன் என்று இப்போதுதான் தெரிந்தது.

"ஆணில இருந்து அட்டைய எடுத்தியே, அன்னிக்கே ஒனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்."

நடந்து போய்விட்டாள்.

அதற்கு அப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் மருந்து கொண்டுபோனேன். வாசலில் வாங்கி உள்ளே வைப்பாள். தண்ணீர் கொடுப்பாள், முகம் பார்க்க மாட்டாள். அண்ணன்தான் பேசினான். அவனுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. மச்சினன் படகில் இவனும் போய் உட்கார்ந்துகொள்வான். வலை போட முடியாது. அங்கே போடு, இங்கே போடு, உனக்குக் கண்ணு பின்னாலயா கீது என்று திட்டிக்கொண்டே இருப்பான். "கம்பெனில இருந்தா ஒரு மேஸ்திரிதான் திட்டுவான். இங்க மாமா, ஏரி, காத்து, மூணு பேரு திட்றாங்க" என்று மச்சினன் என்னிடம் சொல்லுவான். சந்தோஷமாகத்தான் சொல்லுவான்.

ஐப்பசி மழையில் அண்ணன் படுத்தான். மிக்சர் பற்றவில்லை. டாக்டர் ஊசி கொடுத்து, எப்படிப் போட வேண்டும் என்று எனக்குக் காட்டினார். ஆயாக்கள் ஊசி போடக் கூடாது. அவர் என்னை நம்பிக் கொடுத்தார். சிஸ்டர் இருபது நாள் லீவு கொடுத்தார். நான் அங்கேயே இருந்து போட்டேன். வலியில் அவன் கத்தி யாரும் கேட்கவில்லை. பெண்களோடு பேசினான், தூங்கினான், பேசினான். கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் மத்தியானம் போனான். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணி எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கருமாதி எல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்துப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. மச்சினன் அன்றைக்குத் தன் பாடு முறையில் ஏரிக்குப் போய்வந்திருந்தான். நல்ல இறால். பாதியைக் கூடையோடு அக்கா வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அண்ணி உட்கார்ந்து தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து கிள்ளினேன். கூடையில் பாதி முடிந்தது.

"அட்டைய எடுத்த அன்னிக்குச் சொல்லியிருந்தா அவரு அந்தக் கொழம்ப வாயில வெச்சிருக்க மாட்டாரு" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. "நானும் வெச்சிருக்க மாட்டேன். அத்தினி நாளு நாங்க கல்யாண ஊடு மாதிரி இருந்தோம். புள்ளைங்க சிரிச்சிதுங்க."

நான் அடுத்த இறாலை எடுத்தேன்.

"ஆனா நீ எனக்குச் சொல்லல. ஊரு நடுவுல, புதுச் சேலையக் கட்டிக்கினு நின்னேன். எல்லாரும் என்னப் பாத்தாங்க. ஒங்கையைத்தான் புடிச்சிக்கினு நின்னேன். அப்பவும் நீ சொல்லல." இறாலைக் கூடையில் போட்டாள். "ஒன்ன கும்புடறதா, திட்றதான்னு தெர்லமே எனக்கு."

"ரெண்டும் பண்ணு அண்ணி."

"கும்புடறதெல்லாம் முடியாது."

"சரி, திட்டு."

திட்டினாள். அழுத்தக்காரி என்றாள். நெஞ்சுல ஈரம் இல்லாதவ என்றாள். ஆஸ்பத்திரி வேலை பார்த்துப் பார்த்து மரமாயிட்ட என்றாள். கல்யாணமான புதுசில் நான் அவள் வளையலை உடைத்தது வரைக்கும் எடுத்துத் திட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "நீ இன்னாத்துக்குப் பாக்கற? எங்க ஊட்டுச் சண்ட" என்று அவளுக்கும் விழுந்தது. கூடை காலியாகிற வரைக்கும் திட்டினாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்தாள்.

"கடைசி பஸ்ஸு அஞ்சரைக்கு" என்றாள். "துன்னுட்டுப் போ."